முதலில் டயர், பிறகுதான் லிஃப்ட்

கேள்வி: என் பிக்கப்பில் 265/65 ஆர்17 டயர். எஸ்டேட் பாதையில் பாறை அடிதட்டுகிறது. லிஃப்ட் கிட், அகல ரிம், பெரிய டயர் மூன்றில் எதை முதலில் மாற்றலாம்?
– வாசகர், வால்பாறை

பதில்: டயரைத்தான். லிஃப்ட் கிட் சேஸையும் பாடியையும் உயர்த்தும். பின் ஆக்ஸிலின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் பெரும்பாலும் இடிபடுவது அதுதான். அதைத் தூக்கப் பெரிய டயரால்தான் முடியும். 265/70 ஆர்17 போட்டால் விட்டம் சுமார் 26 மி.மீ. கூடும், ஆக்ஸில் அதில் பாதி, 13 மி.மீ. உயரும். ஸ்பீடோமீட்டர் முன்பைவிடச் சுமார் 3 சதவீதம் குறைத்துக் காட்டும். மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, மட்கார்டில் உரசுகிறதா என்று பாருங்கள்.

தார் ரோட்டிலும் ஓட்டுகிறீர்கள் என்றால் ஏ.டி. டயர் போதும். எம்.டி. சேற்றில் கெட்டி, ஆனால் ரோட்டில் இரைச்சல், ஈரத்தில் பிடிப்பும் குறைவு.

ரிம்மை விட்டுவிடுங்கள். வெளியே தள்ளி நிற்கும் சக்கரம் பேரிங்குக்குச் சுமை. லிஃப்ட் கட்டாயம் வேண்டுமென்றால் 2 அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் முன் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி, ஜாயின்ட் சீக்கிரம் தேயும். கம்பெனி அளவை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே, செலவு செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.