போர்ட்லண்ட் முனையில் நேரக் கணக்கு

இங்கிலாந்தின் தென்கரையோரமாகச் சின்னப் பாய்மரப் படகில் மேற்கே போகிறவர், புறப்படும் நேரத்தைத் துறைமுகத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. வழியிலுள்ள முனையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அந்தக் கரை எனக்குக் கற்றுத்தந்தது இதுதான். 8 மீட்டர் படகு நல்ல காற்றில் மணிக்கு 5 கடல் மைல் போகும். போர்ட்லண்ட் பில் முனைக்குத் தெற்கே, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், ஓத நீரோட்டமே மணிக்கு 7 கடல் மைலைத் தொடலாம். எதிரோட்டத்தில் அகப்பட்டால் பாய் முழுக்க விரிந்திருந்தும் படகு பின்னால்தான் போகும். முனையின் இரு பக்கமும் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்பது, பத்து மணி நேரம் தண்ணீர் தெற்கு நோக்கியே ஓடுகிறது. அது ஆங்கிலக் கால்வாயின் கிழக்கு மேற்கு ஓட்டத்தோடு மோதுகிறது. அடியில் பாறைத்திட்டு வேறு. அங்கே கடல் கொந்தளிப்பதற்கு இவையே காரணம். கரையோரமாக நேரந்தவறி வரும் படகை அந்தத் தெற்கோட்டம் கொந்தளிப்புக்குள்ளேயே இழுத்துச் செல்லும்.

ஓட்டம் நம் பக்கம் இருக்கும்போது போனால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அங்கே பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று. நம்மை மேற்கே கொண்டுபோகும் ஓட்டம் அந்தக் காற்றை எதிர்த்தே ஓடுவதால், அலைகள் நெருங்கிச் செங்குத்தாகின்றன. உதவுகிற ஓட்டமே கடலையும் கெடுக்கிறது. ஆகவே காற்று பலமாக இருந்தால் ஓட்டம் ஓயும் நேரத்தில் தாண்டுவதே மேல். அதிலும் ஓட்டத்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் அஷ்டமியை ஒட்டிய நாட்கள் நல்லவை. இல்லையென்றால் மூன்று முதல் ஐந்து மைல் வெளியே விலகிப் போகலாம். தூரம் கூடும்தான், ஆனால் படகும் ஆட்களும் நலமாக இருப்பார்கள்.

எஞ்சின் இருக்கிறதே என்பார்கள். இந்த அளவுப் படகில் எஞ்சினும் ஏறக்குறைய அதே 5 மைல்தான் தரும். மேலும், படகு குலுங்கும்போது டீசல் தொட்டியின் அடிக்கசடு கலங்கி வடிகட்டியை அடைத்துவிடும். அதாவது எஞ்சின் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது நிற்க வாய்ப்பு அதிகம்.

கணக்கிட்ட நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது என்பதுதான் வலுவான ஆட்சேபம். கிழக்கேயுள்ள லிமிங்டன் துறைமுகத்திலிருந்து ஒரே மூச்சில் வந்தால் இரண்டு மணி நேரம் தவறுவது சாதாரணம். அதனால்தான் ஒரு நாள் வீணானாலும் முனைக்கு அருகிலுள்ள வேமத் துறைமுகத்தில் தங்கிப் போகச் சொல்கிறேன். அங்கிருந்து முனை சுமார் 7 மைல்தான். அவ்வளவு குறைந்த தூரத்தில் பிழையும் சிறிதாகவே இருக்கும். முனையைத் தாண்டிவிட்டால் லைம் விரிகுடாவின் நடுவே ஓட்டம் வலுவற்றது, அவசரமில்லை. விரிகுடாவின் மறுபக்கமுள்ள டார்ட்மத் துறைமுகம் வரை சுமார் 40 மைல், எட்டு மணி நேரப் பயணம். ஆனால் தெற்குக் காற்று பலத்தால், அந்த விரிகுடாவின் வடகரையில் நம்பி ஒதுங்கத் துறை இல்லை. முன்னறிவிப்பு அத்தனை மணி நேரத்துக்கும் சாதகமாக இல்லாவிட்டால், முனையின் நேரம் எவ்வளவு பொருந்தி வந்தாலும் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.