மக்காச்சோளத்தில் பூசணம்

மழைக்காலத்தில் சேமித்த மக்காச்சோளத்தின்மேல் மஞ்சட் பச்சையான தூள்போல் ஒருவகைப் பூசணம் படர்வதைக் குடியானவர்கள் கண்டிருக்கலாம். அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். தானியத்தின் நிறத்தையும் விலையையும் கெடுப்பதோடு நில்லாமல், ஈரலைத் தாக்கும் அப்ளடாக்ஸின் என்னும் விஷத்தையும் அது உண்டாக்குகிறது. 1974-ஆம் வருஷத்தில் ராஜஸ்தானத்துப் பான்ஸ்வாரா, குஜராத்துப் பஞ்சமகால் ஆகிய ஜில்லாக்களில், காலந்தவறிப் பெய்த மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஜனங்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் காமாலையும் மகோதரமும் கண்டு மாண்டனர். அவ்வுணவைத் தின்ற வீட்டு நாய்களும் மடிந்தன.

கழுவினாலும் வேகவைத்தாலும் இவ்விஷம் முற்றும் நீங்காது. கெட்ட தானியம் மாட்டுக்காவது ஆகுமே என்று எண்ணுவோர் பலர்; அது கறவையின் பாலில் இறங்கும். கோழிக்கோ இன்னும் கேடு.

ஈரமே இதற்கு மூலகாரணம். கதிர்களை வெறுந்தரையிற் குவிக்காது தார்ப்பாயிற் பரப்பி, மணியில் ஈரம் நூற்றுக்கு 13 பங்கிற்கு மேற்படாதபடி உலர்த்துதல் வேண்டும். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு மணியும், நன்கு காய்ந்த உப்புச் சிறிதும் இட்டுச் சற்றுநேரம் குலுக்குக. உப்புப் புட்டியின் பக்கங்களில் ஒட்டுமாயின் ஈரம் 15 பங்கிற்கு மேல் உண்டென்று அறியலாம். பல்லாற் கடித்துப் பார்ப்பதினும் இது நம்பத்தக்கது.

காய்ந்த மணியைச் சூடு ஆறிய பின்னரே மூட்டை கட்டி, சுவரினின்று விலக்கி மரச்சட்டத்தின்மேல் அடுக்குக. வண்டு துளைத்த மணியிற் பூசணம் எளிதில் நுழையுமாதலால் அதனைப் புடைத்து நீக்குக. ஓர் ஊரில் பல வீடுகளில் ஒருங்கே காமாலை கண்டால், கிராம அதிகாரிகள் வைத்தியருக்கு அறிவிப்பதுடன் அவ்வீடுகளின் தானியத்தையும் பார்வையிடல் வேண்டும்.