ஓரியின் குதிரைக்கு ஒரு மெட்டு

1890இல் சிட்னியின் 'புல்லட்டின்' இதழில் பான்ஜோ பேட்டர்சன் ஒரு கதைப்பாடல் எழுதினார். விலையுயர்ந்த குதிரைக்குட்டி ஒன்று காட்டுக் குதிரைகளோடு ஓடிவிடுகிறது. பேர்போன சவாரிக்காரர்கள் மலைச்சரிவைக் கண்டு கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க, ஒல்லியான இளைஞன் ஒருவன் மட்டும் பாய்ந்து இறங்கி மந்தையை மடக்கி வருகிறான். ஸ்னோயி ஆற்றுக்காரன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பெயர் கிடையாது.

அந்தப் பாணியில் கொல்லிமலைக்கு ஒரு பாட்டுக் கட்ட ஆசைப்பட்ட இந்தக் கட்டுரைக்காரர் அங்குள்ள அரியூர் நாட்டில் உட்கார்ந்தார். மெட்டுதான் முதலில் வழிமறித்தது. பேட்டர்சனின் அடிகள் குதிரைப் பாய்ச்சலில் ஓடுபவை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் மலையில் எந்தக் குதிரை நாலுகால் பாய்ச்சல் போகும்?

நல்லவேளை, தமிழில் நொண்டிச் சிந்து இருக்கிறது. அரையடி ஓடி ஒரு நொடி நிற்கும். குட்டியாய் ஒரு தனிச்சொல் வரும். அதில் கால் ஊன்றி மறுபாதிக்குத் தாவும். மேடேறுகிறவனின் நடையே அதுதான். பாஞ்சாலி சபதத்தின் முற்பகுதியை 1912இல் வெளியிட்ட பாரதி, எளிய சொல்லும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் வேண்டும் என்று முன்னுரையில் கேட்டதும் இந்தச் சிந்தை நம்பித்தான் போலும். எழுதிய அடியை மேட்டில் நடந்துகொண்டே பாடிப் பார்க்க வேண்டும். மூச்சு எங்கே அறுகிறதோ அங்கே சொல்லைக் குறைக்க வேண்டும். மேசையில் அமர்ந்து அசை எண்ணுவதைவிட இது விரைவில் முடிகிற வேலை.

அடுத்தது கதை. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்பது இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் வழிவழிக் கதை. கேட்க இனிக்கும், ஆனால் ஒரு பாட்டில் அடங்காது. கதைப்பாடலுக்கு ஒரு பகல், ஒரு செயல் போதும்.

அப்படியொன்று புறநானூற்றின் 152ஆம் பாட்டில் இருக்கிறது. காட்டில் ஒரு வேட்டுவன் விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பார்த்த பாணர் கூட்டத்துக்கு அவன் யாரென்று தெரியாது. பாடுகிறார்கள், பாட்டில் 'கோ' என்ற சொல் வந்ததும், கொல்லிமலைத் தலைவன் ஓரியான அவன் அது தன் பெயர் என்று நாணுகிறான். இதைப் பாடிய வன்பரணர் முடிச்சை எந்த இடத்தில் அவிழ்க்கிறார் என்பதைப் பாட்டுக் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். நாயகனின் பெயரை முதல் அடியிலேயே கொட்டிவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. குதிரையும் கிடைத்துவிட்டது: ஓரி ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை.

ஊர்ப்பெயர்களை அளந்து போட வேண்டும். செம்மேடு, சோளக்காடு என்று வரிசையாய் அடுக்கினால் பேருந்து நடத்துநர் குரல்தான் கேட்கும். பச்சைப்பசேல் மலை, வெள்ளிப் பனி வகையறாவை முழுதாக வெட்டிவிடலாம். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கும் ஒருவரின் கால் எந்தப் படியில் நிற்கிறது என்று சொன்னாலே மலை வந்துவிடும். கேட்பவர்கள் திருப்பிச் சொல்ல ஓரடி வைத்தால் பாட்டு நீளமானாலும் தாங்கும். அந்த அடியில் நாலைந்து சொல்லுக்கு மேல் ஆகாது.

முடிவுக்கு ஓரியின் சாவை நேராகப் பாட வேண்டியதில்லை. அவனைக் கொன்ற காரி என்னும் குறுநிலத் தலைவன் ஊருக்குள் நுழைந்தபோது தெருவே இரைந்ததை நற்றிணையின் 320ஆம் பாட்டில் கபிலர் உவமையாகப் போகிறபோக்கில் வைத்திருக்கிறார். அந்த இரைச்சலுக்கு எந்தத் தனிச்சொல் பொருந்தும் என்பதில்தான் இப்போது வேலை நிற்கிறது.