நெல்லின் பற்றீரியா இலைக்கருகல் நோயும் இனங்களின் இயற்கை எதிர்ப்பும்

முன்னுரை

ஒரே வாய்க்காலால் நீர் பாயும் இரு வயல்களில், ஒன்றின் பயிர் வைக்கோல் நிறமாகக் காய்ந்து நிற்க, வரப்புக்கு அப்பாலுள்ள மற்றையது பச்சை மாறாது நிற்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். மண்ணும் நீரும் பசளையும் ஒன்றாயிருந்தும் இவ்வாறு நேருமாயின், அதன் காரணத்தை விதையிலே தேடுதல் வேண்டும். உயரத்திலும் வயதிலும் அரிசியின் நிறத்திலும் நெல்லினங்கள் வேறுபடுவதைப் போலவே, நோயைத் தாங்கும் ஆற்றலிலும் அவை பிறப்பிலேயே வேறுபடுகின்றன. பற்றீரியா இலைக்கருகல் நோயைப் பொறுத்தவரை இவ்வேறுபாடே கமக்காரரின் முதற் பாதுகாப்பு ஆகும். ஆயினும் அது என்றும் அழியாத பாதுகாப்பு அன்று. அது எவ்வாறு காக்கின்றது, எவ்வாறு முறிகின்றது என்பவற்றை இப்பிரசுரம் விளக்குகின்றது.

நோயின் அடையாளங்கள்

இந்நோயை முதலிற் கண்டவர்களும் கமக்காரரே. யப்பானின் புக்குவோக்காப் பகுதியில் 1884ஆம் ஆண்டளவில் இது அறியப்பட்டது. இன்று ஆசியாவின் நெல் விளையும் நாடுகள் பலவற்றிலும், இலங்கையிலும், இது காணப்படுகின்றது. சாந்தோமோனசு ஒரைசே எனும் பற்றீரியா இதனை உண்டாக்குகின்றது.

இலையின் நுனியை அடுத்த ஓரங்களில் நீர் ஊறியது போன்ற கோடுகள் முதலில் தோன்றும். அவை நீண்டு அகன்று, அலைபோல் நெளிந்த விளிம்புடன் மஞ்சளாகிப் பின்னர் வைக்கோல் நிறமாகும். அதிகாலையில் இளம் புண்களின் மேல் பால் போன்ற சிறு துளிகள் நிற்பதும், வெயிலேறியதும் அவை மஞ்சள் மணிகளாக உலர்வதும் உண்டு. நட்ட சில வாரங்களுள் நோய் பற்றுமாயின் இளம்பயிர் முழுவதும் வாடி மடியும்.

இவ்வாடலைத் தண்டு துளைக்கும் புழுவின் சேதமெனக் கருதி மருந்து தெளித்துப் பணத்தை வீணாக்குவோர் உளர். புழு துளைத்த குருத்து இழுத்தவுடன் எளிதிற் கழன்று வரும். நோயால் வாடியது அவ்வாறு வராது. ஐயம் நீங்குவதற்கு ஓர் எளிய சோதனையும் உண்டு. நோயுற்ற இலையிற் புண்ணின் விளிம்பை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அமிழ்த்தி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், சில நிமிடங்களில் வெட்டு வாயிலிருந்து பால் நூல் போல் ஒன்று இறங்கும். அந்நூல் பற்றீரியாக்களின் திரளேயாகும்.

கடுமையான காலங்களில் விளைச்சலில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை குறையும். இளம்பயிரிலேயே நோய் பற்றினால் இழப்பு இன்னும் பெரிது. நோய் பற்றிய பின்னர் தெளிக்கும் மருந்துகளால் நிச்சயமான பயன் கிடைப்பதில்லை. ஆகவே, விதைக்கு முன்னரே சிந்தித்தல் வேண்டும்.

நோய் பயிருட் புகும் வழி

நெல்லிலையின் ஓரத்தில் நீரை வெளியேற்றும் நுண்துளைகள் உள. இத்துளைகளினூடாகவும், காற்றாலும் கையாலும் ஏற்பட்ட காயங்களினூடாகவும் பற்றீரியா உட்புகுந்து, இலையின் நீர்க்குழாய்களிற் பெருகுகின்றது. மழையும் காற்றும் பாய்ச்சும் நீரும் அதனை வயலுக்கு வயல் கொண்டு செல்கின்றன.

உட்புகுந்த பற்றீரியாவுக்கு உணவு வேண்டும். பயிரின் கலங்களுள் வெல்லம் உண்டு. ஆனால் பற்றீரியா இருப்பது கலங்களுக்கு வெளியே. ஆதலால் அது ஒரு தந்திரம் செய்கின்றது. தான் உண்டாக்கும் புரதமொன்றைக் கலத்தினுட் செலுத்துகின்றது. அப்புரதம் கலத்தின் கருவை அடைந்து, வெல்லத்தை வெளியே விடும் வாயிலை அமைக்கின்ற பரம்பரையலகைத் தூண்டிவிடுகின்றது. வெல்லம் கசிகின்றது, பற்றீரியா பெருகுகின்றது. கமக்காரன் வளர்த்த பயிரே தன் பகைக்குச் சோறிடும் நிலை இது.

எதிர்ப்பின் வகைகள்

இவ்வுண்மையை அறிந்தால், சில இனங்கள் தப்புவதேன் என்பதும் விளங்கும். இந்நோயைத் தாங்கும் பரம்பரையலகுகள் நாற்பதுக்கு மேல் இதுவரை அறியப்பட்டு இலக்கமிடப்பட்டுள்ளன. அவற்றுள் நான்கு இங்கு தரப்படுகின்றன. நான்கும் வெவ்வேறு வழியில் வேலை செய்வன.

13ஆம் இலக்கம்: மேற்கூறிய வெல்ல வாயிலின் பூட்டு இதனையுடைய இனங்களிற் சற்று மாறுபட்டுள்ளது. பற்றீரியாவின் திறவுகோல் அதற்குப் பொருந்துவதில்லை. வாயில் திறவாமையால் பகை பட்டினி கிடக்கின்றது.

5ஆம் இலக்கம்: பரம்பரையலகுகளை இயக்கும் புரதமொன்றில் ஏற்பட்ட சிறு மாற்றம் இது. பற்றீரியாவின் புரதம் பற்றிப் பிடிக்கும் இடம் இங்கே வழுக்கிவிடுகின்றது. வங்காள தேசத்தின் பழைய நெல்லினங்கள் சிலவற்றில் இது காணப்பட்டது. 13ஆம் 5ஆம் இலக்கங்களின் பயன் பயிருக்குக் கிடைக்க, அவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருதல் வேண்டும்.

4ஆம் இலக்கம்: இது கலச்சுவரை வலுப்படுத்துகின்றது. தமிழ்நாட்டின் திரூர்க்குப்பத்தில் உருவாக்கப்பட்ட டி.கே.எம். 6 எனும் இனத்திலிருந்து பெறப்பட்டது.

21ஆம் இலக்கம்: இது கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் காவலாளி போன்றது. பற்றீரியா வெளிவிடும் பொருளொன்றை இனங்கண்டு, பயிரின் எதிர்ப்பை எழுப்புகின்றது. இது பயிர்நெல்லில் இருந்ததன்று. ஆபிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து எடுத்த காட்டு நெல்லொன்றில் இருந்தது. விளைச்சலுக்கு உதவாத அப்புல்லைப் பயிர்நெல்லுடன் கலந்து, பன்முறை மீளக் கலந்து, இக்குணம் மட்டும் நல்லினங்களுக்கு மாற்றப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பமேலா ரொனால்டும் அவருடன் உழைத்தோரும் இப்பரம்பரையலகைத் தனியே பிரித்தறிந்தனர். இதற்கும் ஒரு குறை உண்டு: நாற்றுப் பருவத்தில் இதன் வலிமை குறைவு; பயிர் முதிர முதிரவே அது முழுமை பெறும்.

எதிர்ப்பு முறிவது எவ்வாறு?

பிலிப்பைன் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1969ஆம் ஆண்டில் ஐ.ஆர். 20 எனும் இனத்தை வெளியிட்டது. டி.கே.எம். 6 இன் வழிவந்த இவ்வினமும், 4ஆம் இலக்கத்தையுடைய ஏனைய இனங்களும் பெரும்பரப்பில் விதைக்கப்பட்டன. நோய் முதலில் அடங்கியது. சில ஆண்டுகளுள், அதே இனங்களைத் தாக்கவல்ல பற்றீரியா வகையொன்று அந்நாட்டு வயல்களில் மேலோங்கியது.

இனம் கெட்டுவிட்டது என்று கருதுதல் தவறு. நெல் மாறவில்லை, பற்றீரியாவே மாறியது. வயலொன்றிலுள்ள கோடிக்கணக்கான பற்றீரியாக்களுள்ளும் இயற்கை வேறுபாடு உண்டு. எங்கும் ஒரே பூட்டுப் போடப்படுமாயின், அப்பூட்டைத் திறக்கும் சாவி தற்செயலாக வாய்த்த சில மட்டும் பிழைத்துப் பெருகும். பல பூட்டுகள் உள்ள இடத்தில் அவ்வாறு பரவுதல் அரிது. பயிரின் வேறுபாடு கமக்காரனுக்குத் துணை. பற்றீரியாவின் வேறுபாடு அவனுக்குப் பகை. முன்னதைக் குறைத்தால் பின்னதற்கு வழி திறக்கும்.

இதனை உணர்ந்தே, ஓரினத்திற் பல இலக்கங்களை ஒருங்கு சேர்க்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. இந்தியாவில் ஐதராபாத்து ஆராய்ச்சியாளர் 5, 13, 21 ஆகிய மூன்றையும் பெயர்பெற்ற சம்பா மசூரி இனத்திற் சேர்த்தனர். அவ்வினம் 2008இல் வெளியிடப்பட்டது. மூன்று பூட்டுகளையும் ஒருங்கே திறக்கும் சாவி பற்றீரியாவுக்கு எளிதில் வாய்ப்பதன்று.

பழைய இனங்களின் பெறுமதி

மேற்கூறிய நான்கில் எதனையும் மனிதர் புதிதாக உண்டாக்கவில்லை. அவை யாவும் பழைய இனங்களிலும் காட்டு நெல்லிலும் ஏலவே இருந்தவை, தேடி எடுக்கப்பட்டவை. விளைச்சல் குறைவென்று கைவிடப்பட்ட நெல் ஒன்றில் நாளைக்கு வேண்டிய பூட்டு இருத்தல் கூடும். அவ்விதை அற்றுப்போனால் அதனை மீளப்பெற வழியில்லை. இக்காரணம் பற்றியே கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்தில் நாட்டின் பழைய நெல்லினங்கள் பேணப்படுகின்றன.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. விதை பெறும்போது விளைச்சலையும் வயதையும் மட்டும் விசாரியாது, இவ்வினம் இலைக்கருகலைத் தாங்குமா என்பதையும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். நோய் அடிக்கடி வரும் இடங்களில் இதுவே முதற்கேள்வியாகும்.

2. ஒரு வயல்வெளி முழுவதிலும் ஓரினத்தையே போகந்தோறும் விதைத்தல் நன்றன்று. அயலவர் கலந்து பேசி, ஏற்ற இனங்கள் இரண்டு மூன்றைப் பகிர்ந்து விதைப்பது யாவருக்கும் பாதுகாப்பு.

3. தாங்கும் இனமாயினும் யூறியாவை அளவுக்கு மிஞ்சி இடலாகாது. தழைத்து மெதுமையுற்ற பயிரில் நோய் விரைந்து பரவும். விதித்த அளவைப் பல தடவைகளாகப் பிரித்திடுதலும், பொட்டாசுப் பசளையைத் தவறாது இடுதலும் நன்று.

4. நடுவதற்கு முன் நாற்றின் நுனியை வெட்டும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். வெட்டிய ஒவ்வோர் இலையும் நோய்க்குத் திறந்த கதவாகும்.

5. நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடலாகாது. இலைகள் ஈரமாயிருக்கும் வேளையில் அவ்வயலுள் நடமாடுதலும் தகாது.

6. அறுவடையின் பின் அடிக்கட்டைகளை உழுது மடக்கி, தானாக முளைத்த நெல்லையும் வரப்பிலுள்ள புல்லையும் அழித்தல் வேண்டும். போகங்களுக்கிடையே பற்றீரியா தங்குமிடங்கள் இவை.

7. இதுவரை தாங்கிய இனமொன்றில் நோய் கடுமையாகத் தோன்றுமாயின், குவளைச் சோதனை செய்து உறுதிப்படுத்தி, உடனே போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும். அது புதிய பற்றீரியா வகையொன்றின் முதலடையாளமாக இருக்கலாம். ஒரு வயலில் முன்னதாகக் கண்டறிந்த செய்தி ஒரு பகுதியின் அடுத்த போகத்தைக் காக்கும்.

8. வீட்டில் பழைய நெல்லினம் ஏதேனும் வைத்திருப்போர், அதன் பெயரையும் குணத்தையும் குறித்து, ஒரு சிறு பங்கு விதையைப் போதனாசிரியர் மூலம் பாதுகாப்பிற்கு ஒப்படைத்தல் நன்று.

முடிவுரை

நோயைத் தாங்கும் விதை கமக்காரருக்குச் செலவின்றிக் கிடைக்கும் மருந்தாகும். விதைத்த நாள் முதல் அறுவடை வரை அது வயலிலேயே நிற்கும். ஆயின் ஒரே விதையை எங்கும் எந்நாளும் நம்பியிருப்பின் அம்மருந்து பலனற்றுப் போகும். இனங்களை மாற்றி விதைத்தலும், பயிரைக் கவனித்தலும், பழைய விதைகளைப் பேணுதலும் ஒருங்கே நடைபெறுமாயின், அப்பயன் இத்தலைமுறையோடு நில்லாது அடுத்த தலைமுறைக்கும் நிலைக்கும்.