இடது கைக்கு ஒரு வீச்சு

இங்கிலாந்தில், பந்துகளையும் கட்டைகளையும் மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கும் ஜக்ளிங் வித்தைக்கான வாரக்கடைசிச் சந்திப்பு நடக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது, பொருள்கள் தரையில் விழுகிற சத்தம். கழுத்து நீண்ட போத்தல் வடிவ பிளாஸ்டிக் கிளப் மரத்தரையில் ‘டொக்’கென்று விழுந்து உருளும். ரப்பர் பந்து துள்ளிக்கொண்டு ஓடும். தினை நிரப்பிய துணிப்பந்து ‘பொத்’தென்று விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். நூறு பேர் பயிற்சி செய்கிற இடத்தில் இந்தச் சத்தம் ஒரு நொடிகூட ஓய்வதில்லை. யாரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை. குனிந்து எடுக்கிறார்கள், மறுபடி வீசுகிறார்கள்.

இப்படிக் கூடுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1947 ஜூன் 17 அன்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த மந்திரவாதிகள் மாநாட்டுக்கு வந்திருந்த ஜக்ளர்கள் சிலர் தனியே உட்கார்ந்து பேசித் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்த நாளையொட்டி வரும் சனிக்கிழமைதான் உலக ஜக்ளிங் தினம். ஐரோப்பியச் சந்திப்பு 1978-ல் பிரைட்டனில் தொடங்கியபோது வந்தவர்கள் 11 பேர். இன்று அதே சந்திப்பு ஆண்டுக்கொரு ஊரில் ஒரு வாரத்துக்கு மேல் நடக்கிறது, ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

வாரக்கடைசிச் சந்திப்புகள் அதைவிட மிகச் சிறியவை. ஊர் ஜக்ளிங் குழு ஒன்று, பள்ளியின் விளையாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுக்கும். வெள்ளி மாலை கதவு திறக்கும். ஞாயிறு மாலை தன்னார்வலர்களே பெருக்கித் துடைத்துச் சாவியை ஒப்படைப்பார்கள்.

நான் முதல்முறை போனபோது மூன்று கிளப்பைக் கீழே விடாமல் கொஞ்ச நேரம் சுற்றத் தெரியும், அவ்வளவுதான். சுற்றிலும் ஏழு பந்து வீசும் பையன்கள், ஒற்றைச் சக்கர சைக்கிளில் பின்பக்கமாக ஓட்டும் சிறுமிகள். சுவரைப் பார்த்தபடி ஒரு மூலையில் நின்றுகொண்டேன். சனிக்கிழமை காலை முழுக்க அப்படியே போயிற்று.

மதியத்துக்குமேல் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்து, “என்னோடு பாஸ் பண்ணுகிறீர்களா?” என்று கேட்டார். இருவர் எதிரெதிரே நின்று ஆறு கிளப்பை மாற்றி மாற்றி வீசிக்கொள்வதற்கு அதுதான் பெயர். வலது கையில் இரண்டு, இடது கையில் ஒன்று. இருவரும் கிளப்பைக் காதளவு உயர்த்தி, ஒன்றாகக் கீழிறக்கித் தொடங்க வேண்டும். வலது கையின் ஒவ்வொரு இரண்டாவது வீச்சும் எதிராளிக்குப் போகும், மற்றவை தனக்கே.

என் கிளப் நேராக அவர் முகத்துக்குப் போனது. அவர் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அடுத்தது வயிற்றுக்கு. அதையும் பிடித்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கண்ணுக்கே வீசிவிடுகிறீர்கள். என் இடது தோளுக்குச் சற்று வெளியே என் கை காத்துக்கொண்டிருக்கிறது, பாருங்கள். அங்கே வீசுங்கள். உங்களுக்கு வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது என் பொறுப்பு.” கால் மணி நேரத்தில் முப்பது, நாற்பது வீச்சுகள் தொடர்ந்து போய் வந்தன. அவர் சொன்னதுபோலவே, அவர் வீசிய கிளப்பின் பிடி ஒவ்வொரு முறையும் என் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. நான் கையை மூடினால் போதும்.

பிடி தவறினால் முதலில் வீச்சைச் சரிபார்ப்பது ஜக்ளர்களின் வழக்கம். அந்தக் கூடத்தில் நடப்பதையெல்லாம் இதை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர் கைக்கு எட்டும்படி கொடுப்பதில் அவர்கள் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள்.

பயிலரங்குகளையே எடுத்துக்கொள்ளலாம். சுவரில் மணிவாரியாகக் கட்டம் போட்ட பெரிய தாள் தொங்கும். தெரிந்தவர் யாராக இருந்தாலும் அதில் எழுதலாம்: ‘10 மணி, டயபோலோ தொடக்கம்’, ‘11 மணி, மூன்று பேர் பாஸிங்’. டயபோலோ என்பது கயிற்றில் சுழற்றி வீசும் உருளை. புதிதாகப் போகிறவர்கள் எல்லாவற்றிலும் உட்கார ஆசைப்படுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும். கற்றதை உடனே ஒரு மணி நேரம் செய்து பார்க்காவிட்டால் மாலைக்குள் கை மறந்துவிடும்.

கையில் எதுவும் தெரியாதவரும் போகலாம். மூன்று பந்து கற்றுத்தர எப்போதும் யாராவது இருப்பார்கள். முதல் பந்து கண் உயரத்தில் உச்சியைத் தொடும்போது அடுத்த பந்தை வீசுவதுதான் முதல் பாடம். பெரும்பாலானோர் இரண்டாவது பந்தைக் கைக்குக் கை கொடுத்துவிடுவார்கள். அதையும் முதல் பந்தின் அளவுக்கே வீச வேண்டும். கட்டிலுக்கு முன்னால் நின்று பழகினால் குனிந்து எடுக்கும் வேலை பாதியாகும். 2004-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, மூன்று மாதம் மூன்று பந்து வீச்சைப் பழகியவர்களின் மூளையில், அசைவைக் கவனிக்கும் பகுதியில் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்ததைக் காட்டியது. பயிற்சியை நிறுத்தியதும் அது குறையத் தொடங்கியது.

மூட்டையில் சில பொருள்கள் அவசியம் இருக்க வேண்டும். தரையில் கறை பதிக்காத உள்ளரங்கு ஷூ, தண்ணீர் பாட்டில், கூடத்திலேயே படுப்பவர்களுக்குப் பாயும் தூக்கப்பையும், காதடைப்பான். சொந்தப் பந்து, கிளப் எல்லாவற்றிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிட வேண்டும். ஒரே நிறப் பந்து அங்கே ஐம்பது கிடக்கும். தரையில் கிடக்கும் பிறர் பொருளைக் கேட்காமல் தொடக்கூடாது. கேட்டால் மறுக்கிறவரை நான் பார்த்ததில்லை. பாஸ் பண்ணிக்கொண்டிருக்கும் இருவருக்கு நடுவே நடக்கவே கூடாது.

ஜக்ளர்களுக்குள் எண்களால் ஆன ஒரு மொழியும் உண்டு. ‘சைட்ஸ்வாப்’ என்ற அந்தக் குறிமுறையை 1980-களின் முற்பாதியில் கலிபோர்னியாவிலும் கேம்பிரிட்ஜிலும் வெவ்வேறு ஆட்கள் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். எண் பெரிதானால் வீச்சு உயரும். ஒற்றைப்படை எண் மறு கைக்குப் போகும், இரட்டைப்படை அதே கைக்குத் திரும்பும். எண்களின் சராசரிதான் பந்துகளின் எண்ணிக்கை. 4, 4, 1 என்றால் கூட்டி மூன்றால் வகுக்க மூன்று பந்து. ஆங்கிலம் அதிகம் பேசாத போலந்து இளைஞர் ஒருவர் என் உள்ளங்கையில் விரலால் ‘441’ என்று எழுதிக் காட்டினார். அன்று இரவே அந்த வரிசை எனக்குக் கைவந்தது.

தேநீர் இடைவேளையில் ஒருவர், “உங்கள் ஊர்க்காரர்தானே ராமோ சாமி?” என்று கேட்டார். ராமசாமி என்ற பெயரை ஆங்கிலேயர் அப்படித்தான் எழுதினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடைகளில் பெரும்புகழ் பெற்ற இந்திய வித்தைக்காரர் அவர். 1850-ல் லண்டனிலேயே இறந்தார். அந்தக் காலத்தில் இந்தியர் ஒருவர் நான்கு பித்தளைப் பந்துகளை வீசியதைப் பார்த்து வியந்துதான் வில்லியம் ஹாஸ்லிட் ‘இந்திய ஜக்ளர்கள்’ என்ற கட்டுரையை எழுதினார். அது 1821-ல் அவருடைய கட்டுரை நூல் ஒன்றில் வந்தது. நான் பதிலுக்கு, நம் பெண்கள் காய்களை மேலே வீசிப் பிடித்தபடி பாடிய அம்மானை ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

சனி இரவு பெரிய மேடை நிகழ்ச்சி. அது முடிந்து நள்ளிரவை ஒட்டி ‘ரெனகேட்’ தொடங்கும். யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். ஒத்திகை, தேர்வு எதுவும் கிடையாது. அன்று பகலில்தான் ஐந்து பந்தை முதல்முறையாகச் சேர்த்துச் சுற்றிய சிறுமி ஒருத்தி, மூன்று தடவை கீழே விட்டு நான்காவது தடவை முடித்தாள். ஒவ்வொரு தடவை விழும்போதும் கூட்டம் முன்னைவிட உரக்க உற்சாகப்படுத்தியது. தூக்கத்தை விட்டாவது இதைப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு விளையாட்டுப் போட்டிகள். அவற்றில் ஒன்றில் எல்லாரும் மூன்று கிளப்போடு களத்தில் இறங்கி, தங்களுடையது விழாமல் பிறருடையதைத் தட்டிவிட வேண்டும். கடைசிவரை நிற்பவர் வெற்றி. முடிவில் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கையில் உள்ளதையெல்லாம் ஒரே நேரத்தில் மேலே எறிந்தார்கள். கூரைக்கடியில் ஒரு நொடி வண்ணமயமாயிற்று. பிறகு எல்லாம் தடதடவென்று இறங்கின.

எறிந்தவற்றைத் தேடியதில் எனக்கு என் பச்சைப் பந்துகள் இரண்டு கிடைத்தன, மூன்றாவதைக் காணோம். எதிர்மூலையில் அந்த ஆசிரியை ஒரு பந்தைத் திருப்பி டேப்பில் இருந்த பெயரைப் படித்தார். என்னைத் தேடிக் கண்டார், கையை உயர்த்தினார். கூடத்தைக் கடந்து வந்த பந்துக்காக நான் நகரவில்லை. இடது கையை மூடினேன்.