பித்தப்பை எடுத்த பின் சூயிங்கம் மெல்வது எப்படி?

"கேஸ் ஹோய்தா?" பெங்களூரு ஆஸ்பத்திரிகளில், பித்தப்பை எடுத்த மறுநாள் காலை ரவுண்ட்ஸில் காதில் விழும் கன்னடக் கேள்வி. காற்று பிரிந்ததா என்கிறார்கள். கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள். ஆபரேஷனில் அசந்துபோன குடல் விழித்துக்கொண்டதற்கு அது நல்ல அடையாளம்.

குடலை எழுப்ப சூயிங்கம் கைகொடுக்கும். வாய் மெல்லும்போது, சாப்பாடு வருகிறதென்று நம்பும் மூளை வேகஸ் நரம்பு வழியாகக் குடலை முடுக்குகிறது. 2015இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 81 ஆய்வுகளை அலசியது. பல வகை ஆபரேஷன்களைச் சேர்த்துப் பார்த்ததில், மென்றவர்களுக்குச் சராசரியாகப் பத்து மணி நேரம் முன்னதாகவே காற்று பிரிந்திருந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பல தரத்தில் சுமார்தான். துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் குடலை அதிகம் தொடுவதில்லை, அது தானாகவே சீக்கிரம் விழித்துக்கொள்ளும். அதனால் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் சர்ஜனிடம் கேளுங்கள். மயக்கம் முழுக்கத் தெளிந்து, எச்சிலை இருமாமல் விழுங்க முடிந்த பிறகே மெல்லலாம். தூக்கக் கலக்கம், வாந்தி, ஆடும் பல், கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

சர்க்கரை இல்லாத கம் வாங்குங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்றை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை போதும். கம்மை ஊதி முட்டை விட்டால் காற்றை விழுங்குவீர்கள். அதிகம் மென்றால் அதிலுள்ள சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி வயிற்றை உப்பவைக்கும், பேதியாகும். சக்கையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கஞ்சி, இட்லி என்று வழக்கமாகச் சாப்பிட ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம்.

ஆபரேஷனுக்குப் பின் வரும் தோள்பட்டை வலிக்கும் கேஸ்தான் காரணம் என்பார்கள். நம்மில் பலர் குழம்புவது இங்கேதான். அது வேறு கேஸ். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் தெரிகிறது. அந்த வாயு ரத்தத்தில் கலந்து மூச்சுவழியே போகும், ஆசனவாய் வழியாக அல்ல. எவ்வளவு மென்றாலும் அந்த வலி குறையாது; ஓரிரு நாளில் தானாகவே அடங்கும். வார்டு வராந்தாவில் யாராவது கைபிடிக்க மெல்ல நடங்கள். அது குடலுக்கும் நல்லது. டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கும் என்பதால், மலச்சிக்கல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பின் வயிறு உப்பிக் கல்லாக இறுகினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி கூடினாலோ, கண் மஞ்சளானாலோ கம்மைத் தூக்கி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பெங்களூரு டிராஃபிக்கையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.