கல்யாணத் தொழிலுக்கு ஒரு காமிரா

கரோல்பாகில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நண்பரின் மகன், சென்ற தீபாவளிக்கு மறுநாள் என்னைத் தேடி வந்தான். நொய்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் நான்கு வருடமாக வேலை, நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டுக் கல்யாண போட்டோ தொழிலில் இறங்கப் போவதாகச் சொன்னான். கையில் ஒரு காகிதம். அதில் ஒரே ஒரு காமிராவின் பெயர், ஒரே ஒரு லென்ஸின் பெயர், அடியில் கூட்டுத்தொகை: நாலே முக்கால் லட்சம்.

"கையில மூணு இருக்கு அங்கிள். மீதிக்கு அம்மா வளையலை வைக்கறேன்னு சொல்றா."

அன்று மாலையே அந்த அம்மாளும் வந்தார். "அண்ணா, நீங்கதான் இந்தத் தொழில்ல இருந்தவர். அவன் வாங்கறது சரியானு மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ. வேலையை விடாதேன்னு நான் சொல்லி ஓய்ஞ்சுட்டேன்."

தில்லிக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கல்யாணங்களை எடுத்தே குடும்பம் நடத்தியவன் நான். அன்று அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் இருப்பதாகக் கேள்விப்பட்டதால், அவர்களுக்கும் இது உதவக்கூடும்.

முதலில் மெகாபிக்சல். பையன் தேர்ந்தெடுத்திருந்த காமிராவில் 61 மெகாபிக்சல். கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம். விரித்தால் 12க்கு 36. ஒரு விரிப்பில் பெரும்பாலும் நாலைந்து படங்கள் வரும். 24 மெகாபிக்சல் படத்தில் குறுக்கே 6000, நெடுக்கே 4000 புள்ளிகள் இருக்கின்றன. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்திலேயே 20 அங்குலம் அகலத்துக்கு அது போதும். முழு விரிப்புக்கும் ஒரே படம் போட்டால்கூட ஏறக்குறைய 167 புள்ளிக் கணக்கில் அச்சாகிவிடும். 61 மெகாபிக்சல் ரா ஃபைலைச் சுருக்கிச் சேமித்தாலும் ஒரு படம் 60 எம்.பி.யை ஒட்டி வரும். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுத்தால் 180 ஜி.பி. அதற்கு ஏற்ற கார்டு, ஹார்ட் டிஸ்க், வேகமான கம்ப்யூட்டர் எல்லாம் அந்தக் காகிதத்தில் இல்லாத செலவுகள். விளம்பரப் பலகைக்கும் நகைக்கடைக்கும் எடுப்பவர்களுக்கு அது வேண்டியிருக்கலாம். கல்யாணத்துக்கு 20 முதல் 24 போதும்.

இனி நான் அதிக நேரம் பேசிய விஷயத்துக்கு வருகிறேன். அது என் சொந்த அனுபவம், பெருமைக்குரியது அல்ல.

ஃபிலிம் காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ரோல் எடுத்துப் போவேன். ரோலுக்கு 36 படம். ஒரு ரோல் லேபில் கெட்டுப் போனாலும் மற்றவை பிழைத்தன. மாலை மாற்றல் போனால் ஊஞ்சல் இருக்கும், ஊஞ்சல் போனால் சப்தபதி இருக்கும். டிஜிட்டல் வந்ததும் நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ரோல் செலவில்லை, லேப் செலவில்லை. ஆனால் கல்யாணம் முழுவதையும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு கார்டில் வைக்கத் தொடங்கிவிட்டோம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

2009ஆம் ஆண்டு தை மாதம் ஆர்.கே.புரம் பக்கத்தில் ஒரு கல்யாணம். என் காமிராவில் ஒரே ஒரு கார்டு போடும் இடம். அந்தக் காலத்தில் இரண்டு ஸ்லாட் என்பது விலை உயர்ந்த காமிராக்களில்தான். முகூர்த்தம் முடிந்து, டிபன் சாப்பிட்டுவிட்டுக் காமிராவைத் திறந்தால் கார்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வருகிறது. எடுத்து மறுபடி போட்டேன். அதே எழுத்து. கெட்டுப்போன கார்டிலிருந்து படங்களை மீட்டுத் தருபவர் ஒருவரிடம் கொடுத்து நாலு நாள் காத்திருந்தேன். பெரும்பாலானவை கிடைத்தன. மாங்கல்ய தாரணத்தின் படங்கள் மட்டும் மேலே பாதி படமும் கீழே பாதி சாம்பல் நிறமுமாக வந்தன. பெண்ணின் தகப்பனார் என்னைத் திட்டவில்லை. "தாலி கட்டினது ஒண்ணாவது முழுசா இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ள மறுத்ததால் மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதையே பல வருடம் தவிர்த்தேன்.

ஆகவே தொழிலுக்குக் காமிரா வாங்குபவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இரண்டு கார்டு ஸ்லாட். பெரிய கம்பெனிகளே இதில் தடுமாறியிருக்கின்றன. 2018இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர், நிக்கான் இசட்6 இரண்டிலும் ஒரே ஸ்லாட்தான். அதே வருடம் வந்த சோனி ஏ7 III காமிராவில் இரண்டு. தொழில் செய்பவர்கள் அப்போது எழுப்பிய கூச்சல் கொஞ்சமல்ல. 2020இல் கேனான் ஆர்6, நிக்கான் இசட்6 II வந்தபோது இரண்டு ஸ்லாட் இருந்தன. பழைய காமிரா தேடுபவர்கள் இந்த வருடங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், உள்ளே விஷயம் வேறு.

இரண்டு ஸ்லாட் இருந்தால் மட்டும் போதாது. பல காமிராக்களில், முதல் கார்டு நிரம்பிய பிறகே இரண்டாவதில் பதியும்படி அமைத்திருக்கும். மெனுவில் போய் இரண்டிலும் ஒரே சமயத்தில் பதியும்படி மாற்ற வேண்டும். இதைச் செய்யாமலே இரண்டு வருடம் தொழில் நடத்திய ஒருவரை எனக்குத் தெரியும். அதிர்ஷ்டசாலி.

கார்டுக்குச் சொன்னதேதான் காமிராவுக்கும். ஷட்டர் என்பது ஓர் இயந்திரம். அதற்கு ஆயுள் உண்டு. தொழில்முறைக் காமிராக்கள் பலவற்றுக்கு 1,50,000 முதல் 2,00,000 முறை வரை என்று கம்பெனிகள் கணக்குச் சொல்கின்றன. வருடம் நாற்பது கல்யாணம், ஒவ்வொன்றிலும் மூவாயிரம் படம் என்றால் 1,20,000 ஆகிவிடுகிறது. நாலே முக்கால் லட்சத்தில் ஒரே காமிரா வாங்கியவர், அது மணவறைக்கு முன்னால் நின்றுபோனால் என்ன செய்வார்? செல்போனை எடுப்பாரா? "ஒண்ணு வாங்கறதா இருந்தா வாங்கவே வேண்டாம். ரெண்டு வாங்கு, அதுவும் ஒரே மாடலா வாங்கு" என்றேன். பாட்டரி மாற்றிப் போடலாம், சார்ஜர் ஒன்று போதும், இருட்டில் விரல் தானாகவே பட்டனைத் தேடிப் போகும்.

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு என்றால் புதியது கட்டாது. பழையது என்றால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தான் போலிருக்கிறது. எந்த மணப்பெண்ணும் போட்டோகிராபரின் காமிரா எந்த வருடத்து மாடல் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அடுத்து லென்ஸ். தை மாதத்தில் இங்கே சூரியன் உதிக்கவே ஏழே கால் ஆகிவிடும். நம் முகூர்த்தங்களோ ஆறரைக்கும் ஏழுக்கும் வருகின்றன. மண்டபத்தில் இருப்பது மஞ்சள் விளக்கு, நடுவில் ஹோமப் புகை, கெட்டிமேளம் சொன்னதும் முன்னால் எழுந்து நிற்கும் சித்தப்பாக்கள். காமிராவோடு சேர்த்துத் தரும் சாதாரண ஜூம் லென்ஸ், தூரத்தை அருகே இழுக்கும்போது எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். சாதாரண லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 வைத்துப் புள்ளி புள்ளியாக எடுக்க வேண்டிய படத்தை இதில் 640 வைத்துத் தெளிவாக எடுக்கலாம். இத்தனைக்கும் எல்லாக் கம்பெனியிலும் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று இதுதான். கையிலுள்ள பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது என்பது என் கணக்கு. பாடி ஐந்தாறு வருடத்தில் பழசாகிவிடும். பத்திரமாக வைத்திருக்கும் நல்ல லென்ஸ் பதினைந்து வருடம் உழைக்கும்.

ஃபுல் ஃபிரேமா, சிறிய சென்சாரா என்று கேட்டான். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், பழைய ஃபிலிம் அளவு. ஏபிஎஸ்-சி என்ற சிறிய வகை அதில் பாதிக்கும் குறைவான பரப்பு. அதில் 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். கரோல்பாக் வீடுகளின் பத்தடி அறையில் நலங்கு எடுத்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். சுவரைத் துளைத்துக்கொண்டுதான் பின்னால் போக வேண்டும். அகல லென்ஸ் தனியாக வாங்க முடிந்தால் சிறிய சென்சாரிலும் தொழில் செய்யலாம். இருட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஃபுல் ஃபிரேம் நல்லது.

கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் வகையா, கண்ணாடியில்லாத மிரர்லெஸ் வகையா என்பது இன்று எல்லோரும் கேட்கும் கேள்வி. புதிய மாடல்கள் எல்லாம் மிரர்லெஸ்ஸில்தான் வருகின்றன. கண்ணைத் தேடிப் பிடித்துத் தானே குவியும் வசதி அதில் அருமை. ஆனால் பாட்டரி சீக்கிரம் தீரும். நிக்கான் டி750க்கு ஒரு சார்ஜில் 1230 படம் என்பது அளவிட்ட கணக்கு, இசட்6க்கு 310. நடைமுறையில் இரண்டுமே இன்னும் கூட எடுக்கும் என்றாலும் வித்தியாசம் பெரியது. சத்தர்பூர் பண்ணை வீடுகளில் ஜனவரி இரவு இரண்டு மணிக்குப் பஞ்சாபிக் கல்யாணத்தின் ஃபேரா எடுத்துப் பாருங்கள். குளிரில் பாட்டரியின் சக்தி இன்னும் குறையும். நான் உபரி பாட்டரிகளைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருப்பேன்.

மிரர்லெஸ்ஸில் சத்தமே இல்லாமல் எடுக்கும் வசதியும் உண்டு. மந்திரம் நடக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகள் விநாடிக்கு நூறு முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, சத்தமில்லா ஷட்டரில் பட்டை பட்டையாகப் படத்தில் விழும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். முகூர்த்த நேரத்தில் சாதாரண ஷட்டரிலேயே எடுப்பது உத்தமம்; கெட்டிமேளத்தில் யாருக்கு அந்தச் சத்தம் கேட்கப் போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து மறுநாள் அவனைச் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி காமிரா மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். பழைய காமிரா பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்று கேட்டு, முடிந்தால் நாமே சரிபார்க்க வேண்டும். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துத் திரையில் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள தூசியும் கீறலும் கரும்புள்ளியாகத் தெரியும். இரண்டு ஸ்லாட்டிலும் சொந்தக் கார்டுகளைப் போட்டு இருபது படமாவது எடுங்கள். அடியிலுள்ள திருகாணிகள் தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். லென்ஸைச் செல்போன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை. பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் லென்ஸ்களில் ஈரத்தால் இது அதிகம்.

புதியது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பில் இல்லாமல் வாங்கினால் பத்துப் பதினைந்தாயிரம் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடைகள் உண்டு. அந்தச் சரக்குக்கு இந்திய வாரண்டி இருக்காது. டிஜிட்டல் காமிராவுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஜனவரியில் 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. தொழிலை ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்திருப்பவர்கள் காமிராவுக்குக் கட்டிய வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் குறைத்து வாங்கியது அவர்களுக்கு நஷ்டமாகவே முடியும்.

கடனைப் பற்றியும் அந்த அம்மாள் கேட்டார். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் கிஷோர் வகையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை, அடமானம் இல்லாமல் வங்கிகள் கடன் தருகின்றன. வளையலை வைப்பதைவிட அது மேல். ஆனால் முதல் வருடம் கடனே வேண்டாம் என்பது என் கட்சி. வாடகைக் காமிராவில் மூன்று கல்யாணம், அதுவும் வேறொருவருக்கு உதவியாளாக எடுத்துப் பார்த்துவிட்டு வேலையை விடட்டும் என்றேன். நோ சொல்வான் என்று எதிர்பார்த்தேன். ஒப்புக்கொண்டான்.

மூன்றாவது கல்யாணம் முடிந்த பிறகே வாங்கினான்: பழைய டி750 இரண்டு, 50க்கும் 85க்கும் எஃப் 1.8 லென்ஸ்கள், ஒரு 24-70, இரண்டு ஃபிளாஷ், ஆறு கார்டு. 2014இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல், இரண்டு ஸ்லாட். உள்ளே மோட்டார் உள்ள லென்ஸ்களாகப் பார்த்து வாங்க வைத்தேன். பின்னால் மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் நிக்கானின் இணைப்பு வளையத்தில் அவை தானாகக் குவியும். மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் குவியாது. மூன்று லட்சத்துக்குள் முடிந்தது. வளையல் அந்த அம்மாளின் கையிலேயே இருக்கிறது. வேலையை இன்னும் விடவில்லை, சனி ஞாயிறு மட்டும் எடுக்கிறான்.

வருகிற முகூர்த்தத்துக்கு ஒரே நாளில் இரண்டு இடம் ஒப்புக்கொண்டுவிட்டானாம். நண்பனை ஓர் இடத்துக்கு அனுப்ப, என்னுடைய பழைய காமிராவை இரவல் கேட்டிருக்கிறான். பாட்டரியைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன்.